பின்னால் சாயாமல் இழுப்பது

கணவர் இறந்த நான்காவது மாதம் நான் ஜிம்மில் சேர்ந்தேன். ஆசைப்பட்டு அல்ல. முதுகு பிடித்துக்கொண்டு, அலுவலகத்தில் மேசையைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. ஸ்கேன் பார்த்த டாக்டர், எலும்பில் கோளாறு இல்லை, தசைக்குத்தான் வலுவில்லை, யாரிடமாவது முறையாக உடற்பயிற்சி கற்றுக்கொள்ளுங்கள் என்றார். சரி என்றேன். அந்த மாதங்களில் யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆரியசாலையில் எங்கள் வீட்டு மாடியில் நாத்தனார் குடியிருக்கிறாள். அவள் மட்டும் கேட்டாள்.

"மைனி, இப்பப் போயி ஜிம்முக்குப் போனா நாலு பேரு என்னமும் சொல்லுவாவல்லா?"

"சொல்லட்டும்."

கோபத்தில் சொல்லவில்லை. யார் சொன்னாலும் எனக்குக் கேட்காது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ஜிம் கிழக்கேகோட்டைப் பக்கம், ஒரு துணிக்கடைக்கு மேலே. மாலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கு. சொல்லிக்கொடுத்தவள் விழிஞ்ஞத்துக்காரி, முப்பது வயது இருக்காது. என்னிடம் பேசும்போது மலையாளத்தில் கொஞ்சம் தமிழைக் கலந்துகொள்வாள். என்னை கேபிள் இயந்திரத்தின் முன் உட்காரவைத்து, பாதங்களைத் தட்டில் ஊன்றி, முட்டியை லேசாக மடக்கச் சொன்னாள். கம்பியின் முனையிலிருந்த கைப்பிடியைக் கொடுத்தாள்.

"பதுக்கெ வலிக்கணும் சேச்சி."

மெதுவாக இழுக்கவேண்டும் என்கிறாள். இந்த மலையாள ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள்தான் நான்; ஆனாலும் அன்று அந்த 'வலிக்கணும்' தமிழாகவும் காதில் விழுந்தது.

இழுத்தேன். உடம்பு முழுவதும் பின்னால் சாய்ந்தது. எடை எகிறி, டணார் என்று விழுந்தது.

"பின்னோட்டு சாயண்டா. கை கொண்டு அல்ல, முதுகு கொண்டு வலிக்கணும்."

பின்னால் சாயக் கூடாது என்று இரண்டு வாரம் தினமும் இதையே சொன்னாள். நானும் தலையாட்டிவிட்டு அப்படியே சாய்ந்தேன். ஒரு நாள் கம்பியைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"இது எவிடெ படிச்சது சேச்சி? ஆரையோ பிடிச்சு எழுப்புற மாதிரி இருக்கு."

அவள் சொன்னது சரிதான். பக்கவாதத்தில் கணவரின் வலது பக்கம் செயலிழந்த பிறகு, தினமும் காலையில் கட்டிலோரம் நின்று அவருடைய இரண்டு மணிக்கட்டையும் பற்றி, என் உடம்பைப் பின்னால் எறிந்துதான் அவரை உட்காரவைப்பேன். என்னைவிடக் கனமானவர். உட்கார்ந்ததும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பேச்சு போய்விட்டிருந்தது.

"ஹஸ்பண்டை இப்படித்தான் தூக்கி உட்காரவைப்பேன். பதினாலு மாசம்" என்றேன். வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் இருந்தது என் குரல்.

அவள் எடையைக் குறைத்தாள். எனக்குப் பின்னால் மண்டியிட்டு, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையை வைத்தாள்.

"இவிடெ. ரெண்டு சைடும் என்டெ கையை நெருக்கணும்."

முழங்கைகள் விலாவை ஒட்டிப் போயின. கைப்பிடி வயிற்றருகே வந்து நின்றது. தோள்பட்டைகள் அவள் கையை நெருக்கின. ஒரு நொடி நிறுத்தி மெதுவாக விட்டேன். இந்த முறை எடை சத்தமில்லாமல் இறங்கியது. பத்து முறை செய்து முடிக்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

"கரையணும்னா கரஞ்ஞோ சேச்சி" என்றாள், தாழ்ந்த குரலில்.

அழுகை எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன்.

"வரல. இன்னொரு செட் பண்ணட்டா?"

மறுநாள் காலையில் தலை வாரக் கையைத் தூக்கியபோது மேல்முதுகு கடுத்தது. பழைய பிடிப்பு அல்ல, புதிய இடம். சீப்போடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். நாத்தனார் கீழே வந்து காப்பி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சரி என்று சொல்லாதது எனக்கே அப்புறம்தான் உறைத்தது.

இப்போது மேசையைப் பிடிக்காமல் எழுந்துவிடுகிறேன். அழுகை இதுவரை வரவில்லை. எடையில் இரண்டு தட்டு கூடியிருக்கிறது.