ரயிலுக்கு அந்தப் பக்கம் எரிந்த விளக்கு

வேலை போய் இரண்டு மாதமான பிறகும் ட்வைலா ஹெக்மன் காலை ஆறரைக்கெல்லாம் மேல்கோட்டு மாட்டிக்கொண்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அவள் பக்கத்து வீட்டுக்காரி நான். ஏழு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அந்த மார்ச்சில்தான் திரும்பியிருந்தேன். எனக்கும் தூக்கம் வராது. காபி குடிக்கப் போவேன்.

"வந்துட்டியா ஊர்சுத்தி? அடுத்த பஸ் எப்போ?" என்பாள்.

"உங்க காபி இப்படியே இருந்தா இன்னைக்கே."

சிரிப்பாள். ரயில் கூவும். சிரிப்பு அப்படியே நின்றுவிடும். கூவல் ஓயும்வரை கோப்பையைத் தொடமாட்டாள்.

எங்கள் கெர்வின் ஊரில் வீடுகளெல்லாம் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். பள்ளிப் பேருந்துகளுக்கு இருக்கை தைக்கும் ஆலை அந்தப் பக்கம். கடப்பதற்கு ஒரே ஒரு கேட். சரக்கு ரயில் வந்தால் நூறு பெட்டிக்குக் குறையாது. சில நாள் பாதியில் நின்றும் விடும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்தவர்கள் அதற்காகக் கோபப்படுவதை எப்போதோ விட்டுவிட்டார்கள். ஆலை மட்டும் விடவில்லை. ஏழுக்கு மேல் ஒரு நிமிடமானாலும் ஒரு தண்டனைப் புள்ளி. ஏழு புள்ளி சேர்ந்தால் வீட்டுக்குப் போகலாம்.

அதனால் ஒரு வழக்கம் இருந்தது. கேட் விழுவதற்குள் கடந்துவிட்டவர் கண்ணாடியில் பின்னால் பார்க்க வேண்டும். மாட்டிக்கொண்டவர் முகப்பு விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போடுவார். எனக்கும் சேர்த்து அடித்துவிடு என்று அர்த்தம். ஆலை வாசலில் எல்லோருடைய வருகை அட்டையும் ஒரு தட்டியில் செருகியிருக்கும். போகிறவர் தன் அட்டையோடு மாட்டிக்கொண்டவருடையதையும் எடுத்து இயந்திரத்தில் பஞ்ச் அடித்துவிடுவார். ட்வைலா இருபத்தாறு வருடம் அடித்தாள். அவளுக்காகவும் அடித்தார்கள். மேஸ்திரி லைல்கூட விளக்கைப் போட்டவன்தான்.

பிப்ரவரியில் ஒரு நாள் நல்ல மூடுபனி. ட்வைலா கடந்தாள்; பின்னாலேயே கேட் விழுந்தது. முதல் வண்டியாக நின்றது டெல்பர்ட் ஸ்டூக்கியின் பழுப்பு நிற டிரக். இருபது வருடமாக அடுத்தடுத்த தையல் மேஜைகளில் உட்காருபவர்கள் அவர்கள். கண்ணாடியில் விளக்கு ஒரு தடவை அணைந்து எரிந்தது. இன்னொரு தடவை. அதற்குள் ரயில் குறுக்கே வந்துவிட்டது. "கெழவா, நாளைக்கு டோனட் உன் செலவு" என்று கண்ணாடியிடம் சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு அட்டையும் அடித்தாள். ஆறு ஐம்பத்தாறு.

அன்று ரயில் நின்றுவிட்டது. இருபது நிமிடம் கழித்து அது நகர்ந்து, கேட் தூக்கிய பிறகும் டிரக் அசையவில்லை. பின்னாலிருந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். பிறகு யாரோ இறங்கிப் போய்ப் பார்த்தார்கள். மாரடைப்பு.

மூன்று வாரம் கழித்து, டெல்பர்ட்டின் மனைவி அனுப்பிய காப்பீட்டுத் தாளை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் அலுவலகம் கவனித்தது: ரயில்வே கேட்டிலேயே இறந்தவன் ஆலைக்குள் வந்ததாக அட்டை சொல்கிறது. இயந்திரத்துக்கு மேலே கேமரா இருந்தது. ட்வைலாவைக் கூப்பிட்டார்கள். மனிதவளப் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த பெண் மிக மரியாதையாகப் பேசினாளாம்.

"இங்க யாரையும் எப்ப வேணும்னாலும் அனுப்பலாம், ட்வைலா. உங்களையும், என்னையும். காரணம்னு ஒண்ணு சொல்லணும்னுகூட இல்ல."

"அப்போ சொல்லாமலே அனுப்பும்மா."

அவர்கள் காரணம் எழுதினார்கள். ஒழுங்கீனம். காரணமில்லாமல் அனுப்பியிருந்தால் அடுத்த வேலை கிடைக்கும்வரை அரசாங்கம் தரும் உதவித்தொகை வந்திருக்கும். அந்த ஒரு சொல்லுக்கு எதுவும் வராது. பக்கத்து ஆலைகள் விசாரித்தாலும் அந்தச் சொல்தான் முன்னால் போய் நிற்கும்.

"பணம் கெடக்கட்டும்," என்றாள் என்னிடம். "அவனுக்கு நான் செஞ்ச கடைசி காரியம் அது. அதைத் திருட்டு மாதிரி எழுதி வச்சிருக்காங்க."

உதவித்தொகை மறுக்கப்பட்டதை எதிர்த்து அரசாங்கத்திடம் மேல்முறையீடு செய்தாள். தாளை நான்தான் நிரப்பினேன். ஏப்ரல் கடைசியில் தொலைபேசி வழியாக விசாரணை. இது ஆலை முழுக்க நடக்கிற வழக்கம், மேஸ்திரிக்கும் தெரியும், டெல்பர்ட்டே கேட்டுக்கொண்டான் - இதை நிரூபித்தால் அந்தச் சொல் நிற்காது என்று இலவச சட்ட உதவிக்காரர் சொன்னார். ஒரே ஒரு சாட்சி இருந்தால் நல்லது என்றார்.

அன்று டெல்பர்ட்டுக்கு நேர் பின்னால் காரில் இருந்தவள் பாலெட். ட்வைலா அழைத்ததும் பாஸ்தாவும் கோழியும் போட்டுச் சுட்ட ஒரு பெரிய தட்டோடு வந்தாள். இங்கே சாவு வீட்டுக்குத்தான் அப்படி எடுத்துக்கொண்டு வருவார்கள். ட்வைலா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இன்னும் சாகலடி."

"போடி. சாப்பிடறியா இல்லியான்னு தெரியாம கொண்டாந்தேன்."

"சாட்சி சொல்ல வருவியா?"

பாலெட் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். "என் பையனோட மருந்து இந்த வேலையில வர்ற காப்பீட்டுல ஓடுது. நான் வாயத் தொறந்தா மறுநாள் என் அட்டை அந்தத் தட்டியில இருக்காது. என்ன காரணம்னு கேக்கக்கூட முடியாது, ட்வைலா. உனக்காவது ஒரு காரணம் சொன்னாங்க."

"ரெண்டு தடவை வெளக்கப் போட்டான்னு மட்டும் சொல்லு. போதும்."

"ரெண்டா?" பாலெட் முகத்தைச் சுருக்கினாள். "ரெண்டோட எங்க விட்டான்? ரயில் பெட்டி மேலெல்லாம் வெளிச்சம் பட்டுப் பட்டு அணைஞ்சுட்டே இருந்துச்சு. ரயிலத் திட்றான்னு நெனச்சேன். நானும் சிரிச்சுட்டு ரேடியோவக்கூட…"

அவள் நிறுத்திக்கொண்டாள். தான் என்ன சொல்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கும் எட்டியது போலிருந்தது.

"எத்தன தடவ?" என்றாள் ட்வைலா.

"நான் எண்ணல."

"அப்புறம்?"

"அப்புறம் நின்னுடுச்சு."

பாலெட் போன பிறகு தட்டை நான் எடுத்து உள்ளே வைத்தேன். ட்வைலா எழுந்து சுவரிலிருந்த விளக்குப் பொத்தானை அழுத்தினாள். அணைந்தது. எரிந்தது. அணைந்தது. ஒவ்வொன்றுக்கும் நடுவே டெல்பர்ட் எவ்வளவு நேரம் விட்டான் என்று நினைவுபடுத்திப் பார்க்கிறாள் என்று புரிந்தது.

விசாரணை நாளன்று தொலைபேசியை மேஜை நடுவில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டேன். விசாரணை அதிகாரி வயதான மனிதர் போலிருந்தார், அவசரப்படுத்தவில்லை. மனிதவளப் பெண் அட்டையையும் கேமரா படத்தையும் பற்றிச் சொன்னாள். லைலும் அந்தப் பக்கம் இருந்தான்.

"இப்படி ஒரு வழக்கம் இருக்கறது உங்களுக்குத் தெரியுமா?" என்று அவனைக் கேட்டார்.

"கேள்விப்பட்டிருக்கேன்," என்றான் லைல்.

நான் ட்வைலாவின் கையைப் பிடித்தேன். அது போதும், அடுத்த கேள்விக்கு அவள் ஆமாம் என்றால் போதும்.

"மிஸஸ் ஹெக்மன், உங்ககூட வேலை செஞ்சவர் தனக்கு அட்டை அடிக்கச் சொல்லி அன்னைக்கு உங்களைக் கேட்டாரா?"

ட்வைலா மேஜை விரிப்பின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் ரயிலெதுவும் இல்லை. நான் உதட்டசைவில் 'ஆமாம்' என்றேன்.

"மிஸஸ் ஹெக்மன்?"

"தெரியலைங்க."

"அவர் விளக்கைப் போட்டுக் கேட்டதா உங்க மனுவுல எழுதியிருக்கே."

"வெளக்கப் போட்டான். என்ன கேட்டான்னு எனக்குத் தெரியலைங்க. ரெண்டு தடவ பாத்துட்டு நான் போயிட்டேன். அவன் விடாம கூப்பிட்டுட்டு இருந்தான்."

அந்தப் பக்கம் யாரோ காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. அதிகாரி அதே கேள்வியை வேறுவிதமாக இன்னொரு தடவை கேட்டார். அவளுக்கு உதவத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். அவள் அதே பதிலைச் சொன்னாள்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க? அவர் முதல்ல போட்ட ரெண்டும் அட்டைக்காவே இருக்கலாமில்ல?" என்று பிறகு கேட்டேன்.

"இருக்கலாம். ஆனா ஆமான்னு சொன்னா அதையே நான் நம்ப ஆரம்பிச்சுடுவேன்," என்றாள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. ஒழுங்கீனம் உறுதி செய்யப்பட்டது. அவள் அதைப் படித்து, மடித்து, ரொட்டி டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

இப்போது மளிகைக் கடையில் அரை நாள் வேலை பார்க்கிறாள். அதுவும் கேட்டைத் தாண்டித்தான். சில நாள் நான்தான் காரில் கொண்டுபோய் விடுகிறேன். போன வாரம் கேட் விழுந்து நின்றோம். பட்டப்பகல். பின்னாலிருந்த வண்டி முகப்பு விளக்கை அணைத்துப் போட்டது. நான் கண்ணாடியில் பார்ப்பதற்குள் ட்வைலா கதவைத் திறந்து இறங்கிவிட்டாள்.

பின்னால் போய்க் குனிந்து அந்த வண்டியின் கண்ணாடியைத் தட்டினாள். உள்ளே தாடி வைத்த ஓர் ஆள். அவளை முன்பின் தெரியாதவன்.

"நல்லா இருக்கீங்களா? நெஞ்சு வலிக்குதா?"

"எனக்கா? உங்க வண்டியில பின்னாடி வெளக்கு ஒண்ணு எரியலம்மா. அதச் சொல்லத்தான்."

"கை மரத்துப் போகலையே?"

"இல்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

அவள் திரும்பி வரவில்லை. அவன் வண்டிக் கதவில் ஒரு கையை வைத்து, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, கடைசிப் பெட்டி போகும்வரை அங்கேயே நின்றாள்.