சைடு ஸ்டாண்டில் பார்த்த ஆயில்

என் மச்சாண்டாரை எனக்குப் பிடிக்காது. கணவரின் அண்ணன், மூத்தவர், மரியாதை கொடுக்க வேண்டியவர், எல்லாம் சரிதான். மரியாதையும் கொடுத்தேன், பிடிக்காமலே கொடுத்தேன். ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில் ஓடுகிற வண்டிகளுக்கெல்லாம் தான்தான் டாக்டர் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை டீ குடித்த கையோடு எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார். பக்கத்து வீடுதான். என் வண்டி சைடு ஸ்டாண்டில் இடது பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அவர் வலது பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இன்ஜினின் ஆயில் மூடியைத் திருகி எடுப்பார். அந்த மூடியோடு சேர்ந்து ஒரு குச்சி இருக்கும். அதன் நுனியில் இரண்டு கோடுகள். ஆயில் அந்த இரண்டுக்கும் நடுவில் நின்றால் சரி. குச்சியைத் துடைத்து, உள்ளே விட்டு எடுத்து, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்.

"பாத்தியாடா? கோட்டுக்குக் கீழ கீது. மறுபடியும் குடிச்சிட்ச்சி."

சொல்வது என் கணவரிடம். வண்டி ஓட்டுவது நான், நானும் அங்கேயேதான் நிற்பேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

"மல ஏறுற வண்டி ஆயில் குடிக்கும்தான். இப்டியா குடிக்கும்? உம் பொண்டாட்டி முறுக்குற முறுக்கு அப்டி."

பிறகு கேனைத் திறந்து கொஞ்சம் ஊற்றுவார். அடுத்த ஞாயிறு மறுபடி பார்ப்பார், மறுபடி ஊற்றுவார். என் கணவர் வாயில் கொழுக்கட்டை வைத்தது போல நிற்பார். அவர் சுபாவமே அப்படித்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மலையில் ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களுக்கு பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்க வேண்டும். சில ஊர்களுக்கு பஸ் கிடையாது, சிலவற்றுக்கு ரோடே கிடையாது. வேலைக்குச் சேரும்போதே வண்டி இருக்க வேண்டும், ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். வண்டி போனால் வேலை போகும். நான் போனால் என் இடத்துக்கு வர ஜமுனாமரத்தூரில் ஒருத்தி தயாராக இருந்தாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த அதே வாரம் மச்சாண்டார் என் வண்டியின் சென்டர் ஸ்டாண்டைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார். "பாறைல இடிக்கும், வழில எங்கனா மாட்டிக்கிட்டா அழுவா" என்றார். இதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் மலையில் எல்லோரும் செய்வதுதான். கல் துருத்திக்கொண்டிருக்கிற பாதைகளில் சென்டர் ஸ்டாண்டு உரசும், இடிக்கும், அதனால் புது வண்டி வந்ததுமே கழற்றி எறிந்துவிடுவார்கள். அப்புறம் எல்லா வண்டியும் ஆயுசுக்கும் சைடு ஸ்டாண்டில்தான். அத்தனை வண்டியும் ஆயில் குடிக்கும். கொஞ்ச நாளில் அத்தனையும் புகை விடும்.

என் வண்டியும் விட ஆரம்பித்தது. முதலில் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வந்தது. பிறகு மேடு ஏறும்போதெல்லாம் பின்னால் நீலமாகக் கிளம்பியது. செருப்பில் ஆயில் சொட்டியது. இரண்டாவது கியரில் ஏறுகிற மேட்டை முதல் கியரில் முக்கி முனகி ஏறினேன். ஒரு ஊரில் பெண்கள் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே, "கொசு மருந்து அடிக்கிற வண்டி வருதுடி, சோத்த மூடு" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சாண்டார் தீர்ப்பு சொன்னார்.

"பிஸ்டன் ரிங் பூட்ச்சி. இன்ஜினப் பிரிச்சி போர் போடணும். அந்தச் செலவுக்கு வித்துத் தொலைக்கலாம். செங்கத்துல எம் மச்சினன் எடுத்துக்குவான். அடுத்த ஞாயிறு வரச் சொல்றேன்."

மச்சினன் என்றால் அவர் மனைவியின் தம்பி. பழைய வண்டி வாங்கி விற்பவர். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

"மாமா, வண்டி இல்லன்னா என் வேல பூடுங்க" என்றேன்.

"பூட்டா போவுது. வூட்டப் பாரு" என்றார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினார்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் சாமைக் கொல்லைக்கு நேரமாகிவிட்டது என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்று நான் சமைக்கவில்லை. பாத்திரங்களை மட்டும் நன்றாகச் சத்தம் வரும்படி கழுவினேன்.

அந்த வாரம் மேல் ஊரில் ஒரு பெரியவர் கொல்லையிலிருந்து ஏறி வந்தார். மூச்சு வாங்குகிறது, வந்த வேகத்தில் கையை நீட்டுகிறார்.

"கொஞ்ச நேரம் உக்காருங்க" என்றேன்.

"இன்னாம்மா நீ, கையில பட்டையைச் சுத்திப் பாத்து அனுப்புவன்னு வந்தா குந்த வெக்கிற? மாடு நிக்கிது."

"ஏறி வந்த மூச்சோட பாத்தா தப்பாக் காட்டும். கோணலா உக்காந்தாலும் தப்பாக் காட்டும். முதுக நேரா வெச்சி, ரெண்டு காலையும் தரைல வெச்சி உக்காருங்க."

ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை கிளிப்பிள்ளை போல ஒப்பிக்கிற வாசகம் இது. அன்றைக்கு அதைச் சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது எதிரே என் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. குச்சி இருப்பது வலது பக்கம், வண்டி சாய்வது இடது பக்கம். உள்ளே இருக்கிற ஆயில் எந்தப் பக்கம் ஓடும்? வலது பக்கத்தில் குச்சியை விட்டுப் பார்த்தால் எவ்வளவு ஊற்றினாலும் குறைவாகத்தானே காட்டும்?

பெரியவருக்குப் பார்த்து முடித்ததும் வண்டியைப் பள்ளிக்கூடத்து முன்னால் சமதரைக்குத் தள்ளிப் போனேன். ஒரு பெண்ணைக் கூப்பிட்டு ஹேண்டில்பாரை நேராகப் பிடிக்கச் சொன்னேன். சற்று நேரம் பொறுத்து, குச்சியைத் துடைத்து விட்டு எடுத்தேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி, குச்சியின் பாதி உயரத்துக்கு ஏறியிருந்தது. எனக்கு சந்தோஷம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. நல்ல இன்ஜினுக்கு வாரா வாரம் வாயில் ஊற்றி ஊற்றி மூச்சு முட்ட வைத்துவிட்டு, முறுக்கினாள் என்று என் தலையில் கட்டியிருக்கிறார்.

யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு நாலு பேர் முன்னால் மூக்கு உடைய வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஞாயிறு காலையில் செங்கத்து மச்சினன் வந்து இறங்கினார். நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஊர்க் களத்துக்கு ஓட்டிப் போனேன். சாமை காயவைக்கிற சிமெண்டுக் களம். எங்கள் ஊரில் வாசலெல்லாம் சரிவு, சமதரை என்றால் அது ஒன்றுதான். என்ன கூத்து என்று பார்க்க ஊரே பின்னால் வந்தது. கணவரைக் கூப்பிட்டு, "நேராப் புடிங்க" என்றேன். பிடித்தார்.

குச்சியை எடுத்து மச்சாண்டார் மூக்குக்கு நேரே நீட்டினேன். "எங்க மாமா கீது கோடு? நீங்களே சொல்லுங்க."

அவர் பார்த்தார். அசரவில்லை. "சூட்டுல பொங்கிக் கீது" என்றார்.

"அப்டியா? எறக்கிப் பாத்துடலாம்."

அடியில் பேசினை வைத்து, பதினேழாம் நம்பர் ஸ்பேனரால் போல்ட்டைத் திருகினேன். கொதிக்கிற ஆயில் விரலில் பட்டது, விடவில்லை. கருகருவென்று இறங்கிக்கொண்டே இருந்தது. அந்த இன்ஜினுக்கு ஒரு கேன் போதும், கொஞ்சம் மிச்சம்கூட ஆகும். பேசினில் இருந்ததைக் காலி கேனில் ஊற்றினேன். அது கழுத்து வரை நிறைந்தது. இரண்டாவது கேனிலும் பாதிக்கு மேல் போனது. கதவு நிலைக்குக் கரையான் வராமல் பூச வேண்டும் என்று ஒருத்தி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

போல்ட்டை முடுக்கிப் புது ஆயிலை அளவாக ஊற்றினேன். குச்சியில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. ஸ்டார்ட் பண்ணினேன். புகை குப்பென்று வந்தது.

மச்சாண்டார் கைதட்டிச் சிரித்தார். "நான் சொல்லல? ரிங்குதான்!"

கூட்டத்திலும் சிலர் சிரித்தார்கள். என் காதெல்லாம் சூடாகிவிட்டது. மிஞ்சிய ஆயில் எங்கே போயிருக்கும் என்று யோசித்து, காற்று போகிற ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஆயில் குளமாக நின்றது. ஸ்பான்ஜைப் பிழிந்தேன், பெட்ரோலில் அலசினேன், காயவைத்து மாட்டினேன். அதுவரை ஒருவரும் கலையவில்லை. மறுபடி ஸ்டார்ட் பண்ணி மேட்டில் ஏற்றிப் போய்த் திரும்பி வந்தேன். புகை பாதியாகக் குறைந்திருந்தது. இன்னொரு தடவை போய் வந்தேன். தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

செங்கத்து மச்சினனுக்கு முகம் விழுந்துவிட்டது. "இன்னா மாமா, வண்டி நல்லாத்தான கீது? வேலயத்து என்ன இட்டாந்துட்டியே" என்று மச்சாண்டாரைக் கடிந்துகொண்டு பஸ்ஸுக்குப் போனார். மச்சாண்டார், "ஆயில கம்மியா ஊத்தி ஓட்றா. நாளைக்கி இன்ஜின் பிடிச்சிக்கிட்டா எங்கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்த மனிதர் செத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். எனக்கு அது போதும். வயிறு குளிர்ந்தது.

களம் காலியானதும் கணவரிடம் திரும்பினேன். நான் இறங்கியபோது வாங்கிய வண்டியை அவர் இன்னும் நேராகப் பிடித்தபடியே நின்றார். வாரக்கணக்காக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது.

"எனக்காக ஒரு வார்த்த பேசினீங்களா? அண்ணன் சொன்னா அப்டியே நம்பிடறதா?"

"நம்பல" என்றார்.

"இன்னா?"

"போன மாசமே பாத்துட்டேன். கொல்லைல சமமா நிறுத்தி, வரப்புல முட்டுக் குடுத்துப் பாத்தேன். மேலதான் இருந்திச்சி."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"தெரிஞ்சிமா அவர ஊத்த உட்டீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வண்டி பூட்ச்சின்னா நீ வூட்ல இருப்ப."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மழை வந்தால் கொல்லை நனையும் என்பது போல, சாதாரணமாகச் சொன்னார். இத்தனை நாளும் நான் மச்சாண்டாரைச் சபித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆளுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான். தெரிந்தவர் என் பக்கத்தில் படுத்துக்கொண்டிருந்தார்.

வண்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். மறுநாள் வேலைக்குப் போனேன், இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். வண்டி நன்றாக ஓடுகிறது. ஆயிலை நான்தான் பார்க்கிறேன், களத்தில், நேராக நிறுத்தி. பிடிக்க ஒரு ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுக்குப் போய் மச்சாண்டாரைத்தான் கூப்பிடுகிறேன்.