ரயில் போகும்வரை

பெருங்களத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம். அக்கா பியானோ, நான் வயலின். நண்பர் ஒருவர் எங்கள் இருவருக்காகவே புதிதாக ஒரு படைப்பை எழுதித் தந்திருந்தார். அதன் கடைசிப் பக்கத்தில் ஓரிடத்தில் தாளக்கணக்கே கிடையாது. ஒலி முழுக்க அடங்கட்டும், பிறகு இருவரும் சேர்ந்து தொடங்குங்கள் என்று மட்டும் குறித்திருந்தார். எவ்வளவு நேரம் என்பது வாசிப்பவர்கள் பாடு.

அந்த வீட்டில் ஒலி அடங்குவதாவது! சொல்லி வைத்ததுபோல அந்த இடம் வரும்போது ஒரு எலெக்ட்ரிக் ட்ரெயின் வந்துவிடும். அது போகும்வரை அக்கா கையை உயர்த்தியபடியே இருப்பாள். நான் வில்லைத் தூக்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்திருப்பேன். அவள் மூச்சை இழுத்ததும் சேர்ந்து தொடங்குவோம். பழக்கதோஷத்தில், தாம்பரத்து அரங்கில் மேடையேறியபோதுகூட இல்லாத ரயிலுக்காகக் காத்திருந்தோம். அந்த மௌனத்தில் என்னவோ ஆழம் இருப்பதாகச் சிலர் பாராட்டினார்கள். நாங்கள் மறுக்கவில்லை.

பிறகு அக்கா குடும்பத்தோடு கனடா போய்விட்டாள். அவள் இடத்தில் வாசிக்க வந்தவர் கெட்டிக்காரர். அந்த இடத்தில் எத்தனை எண்ண வேண்டும் என்று கேட்டார். எண்ணக் கூடாது என்றேன். அப்புறம் எப்படித் தெரியும் என்றார். நியாயமான கேள்விதான். எனக்கு எரிச்சலாக வந்தது.

வீடியோ காலில் நாமே வாசிக்கலாம் என்று அக்காவை நச்சரித்தேன். ஒரே ஒரு தடவை, அதோடு அந்தப் படைப்பைப் புதியவருக்கே விட்டுவிட வேண்டும் என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டாள். அவளுக்குக் காலை, எனக்குச் சாயங்காலம். ஒலி இரண்டு பக்கமும் தாமதமாக வந்தது. எனக்காக அவள் நிதானித்தாள், அவளுக்காக நான் நிதானித்தேன். விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து வாசிப்பு நத்தையாக ஊர்ந்தது. சிரித்துக்கொண்டே அந்த இடத்துக்கு வந்து நின்றோம்.

பின்னால் ரயில் வந்து, கடந்து, போயே விட்டது. போன் இரைச்சலை வடிகட்டிவிட்டது போலிருக்கிறது, அக்காவுக்கு எதுவும் கேட்கவில்லை. திரையில் அவள் கை உயர்ந்தே இருந்தது. இன்னும் சில வரிகள்தான் பாக்கி. வாசித்துவிட்டால் அவளோடு இது முடிந்துவிடும்.

"ட்ரெயின் போயிடுச்சாடா?" என்றாள்.

"இல்லக்கா, இன்னும் போய்ட்டிருக்கு" என்றேன்.

அவள் கையை இறக்கவில்லை.