இரண்டாவது ஒப்புதல்

அஸ்தினாபுரத்து ஐசக் மேடவாக்கத்தில் ஒரு கம்பெனியில் பதினாறு வருடமாக சர்வர் பேக்கப்பை, எல்லா மெயில், ஃபைல்களின் நகலை, பார்த்துவந்தார். பேக்கப் சாஃப்ட்வேரின் புது அப்டேட்டில் ஒரு வசதி வந்தது. இனி இரண்டு பேர் ஒப்புக்கொள்ளாமல் எதையும் அழிக்க முடியாது. இரண்டாவது ஆளாகத் தன் ஜூனியர் ஸ்ரீவித்யாவைச் சேர்த்தார்.

மறுவாரம் மேனேஜர் கேஷவ் அவரைக் கூப்பிட்டார். தனக்கு அசிங்கமாக மெயில் அனுப்பினார் என்று கேஷவ்மேல் அவர் டீமில் இருந்த ஸ்ம்ருதி புகார் கொடுத்திருந்தாள். இருவர் மெயில்பாக்ஸிலும் அந்த மெயில்கள் இப்போது இல்லை. ஜூன் மாத பேக்கப்பில் மட்டும் மிச்சமிருந்தன.

"ஜூன் மாச பேக்கப்பைத் தூக்கிடுங்க ஐசக்."

"தனியா முடியாது சார். ஸ்ரீவித்யாவும் ஓகே பண்ணணும்."

"பண்ணச் சொல்லுங்க."

ஸ்ரீவித்யா ஸ்ம்ருதியின் தோழி; எப்படியும் மறுப்பாள் என்று நம்பி ஐசக் தன் ஒப்புதலைக் கொடுத்தார். ஒரே நிமிடத்தில் அவளும் கொடுத்துவிட்டாள்.

"எதை அழிக்கிறோம்னு படிச்சியாம்மா?"

"நீங்க ஓகே பண்ணியிருந்தீங்களே சார். அப்புறம் என்ன படிக்கிறதுன்னு விட்டுட்டேன்."

மாலையில் ஸ்ம்ருதி வந்தாள். "பேக்கப்ல இருக்கும்ல சார்?"

"ஜூன்ல பேக்கப் ஓடலம்மா."

அதையே விசாரணைக்கு எழுதிக் கையெழுத்தும் போட்டார். பொய்ப் புகார் என்று ஸ்ம்ருதியை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அவளுடைய லாகினை மூடும் வேலை ஐசக்குக்கு வந்தது. அதற்கு ஒருவர் ஒப்புதலே போதும்.