உப்பு மிஞ்சிய தொட்டி

திரவ சோப்புக் கம்பெனியில் அவளுக்கு ‘உப்பம்மா’ என்று பட்டப்பெயர். கலவைத் தொட்டியில் உப்புக் கரைசல் ஊற்றுகிறவள் அவள்தான். உப்பு ஊற்றுவதும் ஒரு வேலையா என்று கேட்டுவிடாதீர்கள்! சோப்பின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தண்ணீரை விரும்பும் தலை ஒன்று, தண்ணீரைக் கண்டாலே ஆகாத வால் ஒன்று. தண்ணீருக்குள் போனதும் வால்கள் உள்ளே ஒளிந்துகொள்ளும், தலைகள் வெளியே நிற்கும். யாரும் சொல்லித்தராமலே உருண்டை உருண்டையாகச் சேர்ந்துவிடும். ஆனால் தலைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். உப்பு விழுந்தால் அந்தச் சண்டை தணியும். நெருங்கி உட்கார்ந்து, உருண்டைகள் புழுப்போல நீண்டு, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். சோப்பு கொழகொழவென்று கெட்டியாகும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சாயிற்றே. உப்பு கூடினால் புழுக்கள் கிளைவிட்டு, சிக்கல் வழுக்கி அவிழ்ந்து, மறுபடி தண்ணீராக ஓடும்.

அவள் புருஷன் மாரடைப்பில் போய் ஒரு மாதம். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை அவள். அதே கம்பெனியில் பாட்டில் நிரப்பும் நாத்தனாரும் அவளும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

“என் தம்பிக்கு அழாத கல்நெஞ்சுக்காரியோட இனிமே இருக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை வேற வீட்டுக்குப் போறேன்” என்று நாத்தனார் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

“சரி அண்ணி” என்றாள் அவள். போக வேண்டாம் என்று கெஞ்சத்தான் ஆசை, வாய் எழவில்லை. அந்த நாத்தனாரை விட்டால் அவளுக்கு வேறு நாதி கிடையாது. அதுகூட வலிக்காமல் உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

சனிக்கிழமை தொட்டி கெட்டியான பிறகும் அவள் கை ஊற்றிக்கொண்டே இருந்தது. சோப்பு இளகி ஓடியது. உப்பு போதவில்லையாக்கும் என்று இன்னும் ஊற்றினாள்.

மாதிரி எடுக்க வந்த நாத்தனார் திடுக்கிட்டாள். “அடிப்பாவி! எவ்வளவுடி ஊத்துன?”

“தெரியல அண்ணி.”

நாத்தனார் அவள் முகத்தையே பார்த்தாள். அவள் கையிலிருந்த உப்புக் குடுவையை மெல்ல வாங்கி வைத்துவிட்டு, தொட்டியில் வெறும் தண்ணீரைத் திறந்துவிட்டாள். உப்பு நீர்த்துப்போக, சோப்பு மறுபடி கெட்டியாகி, கலக்கும் துடுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துச் சுற்றியது.

“இத்தன வருஷத்துல ஒரு தொட்டிகூட நீ கெடுத்ததில்லையேடி” என்றாள். “உள்ளுக்குள்ள இப்படியா இருக்கு உனக்கு?”

அவள் தலையாட்டினாள். அழுகை வரவில்லை. நாத்தனார்தான் இருவருக்கும் சேர்த்து அழுதாள்.

“போகாதீங்க அண்ணி.”

“உன்ன இப்படி விட்டுட்டு எங்கடி போவேன்?”