பச்சோந்தியின் தொண்டையைப் பார்த்தவர், என் மகளையும் பார்த்தார்

டாக்டர் எஸ்தர் இறந்துபோன செய்தியை, மேற்குத் தாம்பரத்தில் அவருடைய கிளினிக் ஷட்டரில் ஒட்டியிருந்த தாளில்தான் படித்தேன். அடக்கம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. காய்கறிப் பையோடு அங்கேயே நின்றேன். என் மகள் நிலா, "நாய் டாக்டர் ஏம்மா கடையை மூடிட்டாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்து மருந்துக்கடை பாஸ்கர் அண்ணன்தான் விவரம் சொன்னார். மழையில் எஸ்தர் முடிச்சூர்ப் பக்கம் மாட்டுக்கொட்டகைகளுக்குள் முழங்கால் தண்ணீரில் இறங்கி மருத்துவம் பார்த்திருக்கிறார். எலிக்காய்ச்சல். கண் மஞ்சளான பிறகே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். வயது நாற்பத்தொன்று.

ஒரு மாதம் கழித்து, எங்கள் பகுதிப் பத்திரிகைக்காக இதை எழுதுகிறேன். நாய்க்கோ ஆட்டுக்கோ அவரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் இத்தனை தாமதம்.

இரண்டு வருடத்துக்கு முன், மாடம்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டை ஒட்டிய புதர்க்காட்டை ஜேசிபி வைத்து வழித்தார்கள். அங்கிருந்து ஒரு பச்சோந்தி எங்கள் ஜன்னல் கம்பியில் வந்து தொற்றியது. என் கணவர் அதைக் காய்கறிக் கூடையில் விட்டு மேலே கொசுவலை கட்டினார். அதை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் விட்டிருப்போமா என்பது சந்தேகம்தான். ஒன்றரை வயது நிலா, அது நாக்கை நீட்டி வெட்டுக்கிளியைப் பிடிக்கும்போது மட்டும்தான் வாயைத் திறந்து சோறு வாங்கினாள்.

சில வாரங்களில் அதன் தொண்டைக்குக் கீழே, தண்ணீர் ஊற்றிக் கட்டிய பலூன் போல வீங்கியது. கழுத்து தெரியவில்லை. அது செத்தால் பிள்ளை சாப்பிட மாட்டாள் என்ற ஒரே பயத்தில், கூடையை ஒரு கையிலும் நிலாவை இடுப்பிலும் தூக்கிக்கொண்டு எஸ்தரிடம் ஓடினேன்.

வரிசையில் ஆட்டோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, ஓணானுக்கா வைத்தியம் பாக்க வந்துகீறே? எங்க வூட்டு ஆளு ஒரு வாரமா இருமிகினு கீறாரு, அவரையே நான் இட்டுகினு வர்ல." எல்லோரும் சிரித்தார்கள். எஸ்தர் சிரிக்கவில்லை. வலையை விலக்கி, வீக்கத்தை ஒரு விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். என்ன தீனி என்று கேட்டார். வெட்டுக்கிளி என்றேன், சத்துக்காக அதன்மேல் குழந்தையின் விட்டமின் டி சொட்டு மருந்தை விடுகிறேன் என்றும் பெருமையாகவே சொன்னேன். என் கைப்பையிலேயே அந்தப் பாட்டில் இருந்தது. அவர் வாங்கி, லேபிளை நிதானமாகப் படித்தார்.

இந்த மருந்து அளவுக்கு மீறினால் இப்படி நீர் கோத்துக்கொள்ளலாம் என்றார். பிறகு பச்சோந்தியை விட்டுவிட்டு நிலாவைப் பார்த்தார். அவள் என் தோளைப் பிராண்டி மூன்றாவது முறையாகத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவ எப்பவும் இப்படித்தான் தண்ணி கேப்பாளா?"

ஆமாம் என்றேன். வாந்தியும் உண்டா, மலச்சிக்கல் உண்டா என்று கேட்டார். எல்லாம் இருந்தது.

"இவளுக்கு எவ்ளோ குடுக்கறீங்க?"

நான் வேதியியல் பட்டதாரி. அளவு என்றால் என்னவென்று தெரியாதவள் இல்லை. ஊரிலிருந்து வந்த மாமியார், பிள்ளை எலும்பும் தோலுமாக இருக்கிறாள் என்று நாலு பேர் முன்னால் சொன்ன நாளிலிருந்து, ஒரு நாளைக்கு ஐந்து சொட்டு என்று எழுதியிருந்த மருந்தை நான் சொட்டு விடும் ஃபில்லர் குழாய் நிறைய, மூன்று வேளையும் கொடுத்து வந்தேன். அவள் சாப்பாட்டைத் தள்ளத் தள்ள, மருந்தை ஒரு வேளைகூட விடாமல் ஊட்டினேன். பாட்டில் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று பாஸ்கர் அண்ணன் கேட்டபோது, கொட்டிவிட்டது என்றேன். எஸ்தரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். மாட்டு டாக்டர்தானே என்ற எண்ணம்கூடக் காரணமாக இருக்கலாம்.

"குழந்தையப் பத்தி நான் சொல்லக் கூடாது. ஆனா இன்னைக்கே காட்டணும். நாளைக்கு இல்ல," என்றார். பச்சோந்திக் கூடையைக் கிளினிக்கிலேயே வைத்து, ஆட்டுக்கார அம்மாளிடம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, எங்களைத் தன் ஸ்கூட்டியில் ஏற்றிக் குரோம்பேட்டையில் ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்.

அங்கே டாக்டர் அளவைக் கேட்டதும் என் நாக்கு மாறியது. தினம் ஒரு வேளை, பத்துச் சொட்டு இருக்கும் என்றேன். எஸ்தர் என் முழங்கையைப் பிடித்தார். "பதட்டத்துல மாத்திச் சொல்றாங்க, சார். மூணு வேளை. முழு ஃபில்லர்." வெளியே வந்ததும் சொன்னார்: "திட்டுவாங்கன்னு பயந்து அளவைக் குறைச்சுச் சொன்னா, அவங்க பாக்கற வைத்தியமும் குறைஞ்சுடும்."

ரத்தத்தில் கால்சியம் ஏறியிருந்தது. எட்டு நாள் சலைன் ஓடியது. நாலாவது நாள் எஸ்தர் வார்டுக்கு வந்து, பச்சோந்தி இறந்துவிட்டது என்றார், கிட்னி போயிருக்கும் என்றார். நான் கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தேன். "அதையும் இவளையும் சேத்து நினைக்காதீங்க. அது அம்பது கிராம்," என்றார். எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. நிலா பிழைத்தாள். கிட்னியில் படிந்த கால்சியம் இன்னும் கரையவில்லை. வருடா வருடம் ஸ்கேன் எடுக்கிறோம்.

இனிமேல்தான் உங்களுக்குத் தெரியாதது. என் கணவரிடம், கடையில் சொன்ன அளவைத்தான் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். அவர் பாஸ்கர் அண்ணன் கடைக்குப் போய், ஆட்கள் நிற்கும்போதே, பிள்ளையைக் கொல்லப் பார்த்தாயா என்று கத்தினார். எங்கள் ஃபிளாட்டில் பாதிப் பேர் அந்தக் கடையை விட்டார்கள். எஸ்தர் கேள்விப்பட்டு ஒரே ஒரு முறை சொன்னார்: "பாஸ்கர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன். அது உங்க வேலை." அதற்குப் பிறகு பார்க்கும்போதெல்லாம் ஸ்கேனை மட்டும் விசாரிப்பார். நான் ஸ்கேனைப் பற்றி மட்டும் பதில் சொல்வேன்.

அன்று ஷட்டர் முன்னால் நின்றபோது அந்த பாஸ்கர் அண்ணன்தான், பழையதை முகத்தில் காட்டாமல், சொல்லிக்கொண்டிருந்தார். "காய்ச்சல் மாத்திரை வாங்க வந்தாங்க. எத்தனை நாளான்னு கேட்டேன். ரெண்டு நாள்தான்னாங்க. ஆறு நாளாம்மா. அவங்க தங்கச்சி அப்புறம் சொல்லி அழுதாங்க." எனக்கு எஸ்தர்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை. அந்தக் கோபத்துக்கு அடியில், கடைக்காரர்மேல் நான் போட்ட பொய் தெரிந்த ஒரே ஆள் போய்விட்டார் என்று ஒரு நிம்மதியும் எட்டிப் பார்த்தது. அதைக் கண்டு நானே மிரண்டுபோனேன்.

இன்று காலை பாஸ்கர் அண்ணன் கடைக்குப் போய், நடந்ததைச் சொன்னேன். மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே முழுவதும் கேட்டார். "எங்கிட்ட சொல்லி என்னம்மா? கத்தினது உங்க வீட்டுக்காரரு. அவரு வந்து பேசட்டும்," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பிவிட்டார்.

எஸ்தரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் செய்த அந்த ஒரு திருத்தம்தான். அதை இன்று மாலை என் கணவரிடம் என் வாயால் சொல்லப் போகிறேன்: மூன்று வேளை, முழு ஃபில்லர், கடைக்காரர் சொல்லவில்லை, நானேதான். அவர் என்ன சொல்வார் என்று தெரியாது. அவரிடம் சொன்ன பிறகுதான் இந்தத் தாள்களை அச்சுக்குக் கொடுப்பேன். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், சொல்லிவிட்டேன் என்று அர்த்தம்.