சொந்தம்னு போடு

பின்தெருவில் தண்ணீருக்குப் போர்வெல் போடுகிறார்கள். காலையிலிருந்து கம்ப்ரசர் அலறுகிறது. ஜன்னலை அடைத்தாலும் கல்மாவு உள்ளே வந்துவிடுகிறது. நனைந்த கல்லும் டீசலும் கலந்த வாடை நாக்கில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. தண்ணீர் எத்தனை அடியில் வரும் என்று அக்கம்பக்கத்தில் கவலைப்படுகிறார்கள். எனக்குத் தண்ணீர் நினைவுக்கு வருவதில்லை. ஒரு படிவம் வருகிறது. என் கையால் நான் நிரப்பிய படிவம்.

அண்ணனுக்குத் திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டி இரண்டு, ஒரு லாரி. மூன்று வருடங்களுக்கு முன் அவர் மகளுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்தது. தானே தேடி, தானே எழுதி, யாருக்கும் சொல்லாமல் வாங்கிய இடம். கட்டணத்தைக் கேட்டதும் அண்ணி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டாளாம். ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் அங்கே உதவித்தொகை உண்டு. குடும்பத்தால் கட்ட முடியாத பங்கைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொள்ளும். முடியாது என்று நாம் காட்டினால் போதும்.

போதும் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன். ஒரு ரிக் முதலாளியிடம் ‘முடியாது’ என்று எழுதி வாங்குவது கருங்கல்லில் ஈரம் தேடுகிற வேலை. அது அங்கே உட்கார்ந்து அந்தப் படிவத்தைத் தயாரித்தவர்களுக்கு எப்படித் தெரியும்? குளிரூட்டிய அறையிலிருந்து கேட்கிறார்கள்: உன் இல்லாமையை வரிசைப்படுத்து, ஒவ்வொன்றுக்கும் தாளை இணை.

“உனக்குத்தான் இங்கிலீஷ் வருமே அம்மிணி, வந்து எழுதிக் குடுத்துட்டுப் போ” என்று அண்ணன் போனில் சொன்னார். நான் சேலத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கடிதம் எழுதிப் பிழைக்கிறவள். மிச்ச நேரத்தில் கவிதை எழுதுகிறவள். அண்ணனுக்கு அந்த மிச்ச நேரம் எப்போதும் ஒரு வேடிக்கை.

ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் வீட்டு மேஜையில் மடிக்கணினி. அண்ணன் எதிரே சாய்ந்து உட்கார்ந்தார், பெண் பார்க்க வந்தவர்களிடம் சொத்துபத்து சொல்கிற தோரணையில்.

“வண்டி எத்தனைன்னு கேக்கறாங்களா? ரெண்டு ரிக்கு, ஒரு லாரி. எல்லாம் சொந்தம்னு போடு.”

“சொந்தம்னா எப்பிடிங்ணா? மூணுமே பைனான்ஸ்ல இருக்குதில்ல? கடன் எவ்வளவுன்னு தனியாக் கேக்கறாங்க.”

“பைனான்ஸ்ல இல்லாத வண்டி எந்த ஊர்ல ஓடுது? ஆர்சி புக்குல என்ற பேரு இருக்குது. அப்ப சொந்தந்தான. கடன் எடத்துல சைபர் போடு.”

வீட்டு மதிப்பு கேட்டிருந்தது. இன்னும் கட்டாத மேல்மாடியையும் சேர்த்துச் சொன்னார். “கட்டத்தான போறோம்” என்றார். உங்கள் குடும்பத்துக்கு உதவி ஏன் தேவை என்று ஒரு பெரிய கட்டம் காலியாகக் கிடந்தது. “தேவைன்னு எவன் சொன்னான்? நல்ல வசதியான, மரியாதையான குடும்பம்னு எழுது. ஆஸ்தி காட்டுனாத்தான பேங்க்ல கடனே தர்றான். இல்லாதவனுக்கு எவன் தர்றான்?”

“இது கடன் இல்லீங்ணா. இல்லாதவங்களுக்குத்தான் தர்றாங்க.”

ஒரே ஒரு முறை சொன்னேன். அதற்கு அவர் சிரித்தார். “காசு பேசற எடத்துல கவிதை படிக்காத. சொன்னத எழுது.”

எழுதினேன். சொன்னதைச் சொன்னபடியே, எழுத்துப் பிழை இல்லாமல், அழகான ஆங்கிலத்தில். விரல்கள் எவ்வளவு நிதானமாக இருந்தன. எரிச்சல் அப்படித்தான் வரும் எனக்கு, குளிர்ந்த தண்ணீரைப்போல. அண்ணன் மகள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். பள்ளிக்கூடத்துக் கணக்கையெல்லாம் என்னிடம் காட்டித்தான் திருத்திக்கொள்வாள்.

“எல்லாம் சரியா இருக்குதுங்களா அத்தை?”

“உங்கப்பா சொன்ன மாதிரியே இருக்குது சாமி.”

அவள் அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினாள்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. மிக மரியாதையான பதில். உங்கள் குடும்பத்தின் வசதி நிலையைக் கருதும்போது உதவி தேவைப்படவில்லை, வாழ்த்துகள். மறுபரிசீலனை வேண்டுமென்றால் கடன் விவரத் தாளும் தகப்பனார் கையெழுத்தும் பத்து நாளில் வரவேண்டும். ஒன்பது நாள் அண்ணன் அந்தத் தாளை எடுக்கவில்லை. பத்தாம் நாள் நானும் அவளும் நாமகிரிப்பேட்டைக்குப் பஸ் ஏறினோம். அங்கே ஒரு மரவள்ளிக் காட்டில் அவருடைய ரிக் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் கல்மாவில் தலைமுதல் கால்வரை வெள்ளையாக நின்றார். பக்கத்தில் நிலத்துக்குச் சொந்தக்காரரான தோட்டக்காரர், இன்னும் நாலைந்து பேர். கம்ப்ரசர் சத்தத்தில் நான் சொன்னது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. காதைக் காட்டினார். இன்னும் கத்தினேன். அந்த நொடியில், துளைபோடும் ராடு மாற்றுவதற்காக ஆபரேட்டர் கம்ப்ரசரை நிறுத்தினான்.

“வண்டி மேல இருக்கற கடனுக்குத் தாள் குடுங்ணா.”

என் குரல் மட்டும் காடு முழுக்க நின்றது. தோட்டக்காரர் ரிக்கை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

“சொந்த வண்டின்னு சொன்னீங்களேங்க” என்றார், சும்மா கேட்பதுபோல.

“சொந்த வண்டிதானுங்க. இது என்ற தங்கச்சி. கதை, கவிதைன்னு எதாச்சும் எழுதிட்டிருக்கும்.” எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. மகளிடம் சொன்னார்: “என்ற வண்டி மேல எவன் கடனும் இல்ல. போ சாமி, ஊட்டுக்குப் போ.”

கம்ப்ரசர் மறுபடி எழுந்தது. கையெழுத்துக்காக அவள் கையில் பிடித்திருந்த தாளின் மேல் கல்மாவு படிவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கெடு முடிந்தது. அவள் போகவில்லை. இப்போது பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் படிக்கிறாள், நன்றாகப் படிக்கிறாள் என்று அண்ணி சொல்லிக் கேள்வி. அந்த வழியாகப் போகும்போது நான் பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

அன்று காட்டிலிருந்து திரும்பி நாமகிரிப்பேட்டை நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றோம். எனக்குச் சேலம் பஸ், அவளுக்குத் திருச்செங்கோட்டு பஸ். எல்லாப் பழியையும் அண்ணன் மேல் போட்டு வாய்க்குள் நான் ஒரு வாக்கியம் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

“அத்தை, அப்பாவுக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியுந்தானுங்க?”

“எது சாமி?”

“சைபர் போட்டா கெடைக்காதுன்னு. தெரிஞ்சுதான போட்டீங்க?”

பொய் சொல்ல நேரம் இருந்தது. பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

“தெரியும்” என்றேன்.

அவள் தலையசைத்தாள், ஒரு கணக்கு சரியாக வந்துவிட்டதைப்போல. பிறகு தானே சாலையில் இறங்கி எனக்காகப் பஸ்ஸுக்குக் கை காட்டினாள். படியில் கால் வைத்துத் திரும்பினேன். வாய் பழக்கத்தில் வந்துவிட்டது.

“வாரேன் சாமி.”

“போறேன்னே சொல்லுங்க அத்தை.”